டென்சைல் கூரை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பள்ளி முற்றம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம், மருத்துவமனை வாசல் என்று எங்கு பார்த்தாலும் இப்போது வெள்ளைத் துணிக் கூரைகள் எழும்பி நிற்கின்றன. டென்சைல் கூரை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இவற்றில் கோளாறு வந்ததும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "துணி போய்விட்டது, மாற்ற வேண்டும்." நேரில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் துணி நன்றாகவே இருக்கும். போயிருப்பது இழுவிசை.

கயிற்றுக் கட்டிலில் படுத்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நடுவில் குழி விழுந்தால் யாரும் உடனே புதுக் கயிறு வாங்கப் போவதில்லை. கால்மாட்டில் இருக்கும் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள், கட்டில் மறுபடி நிமிர்ந்துவிடும். டென்சைல் கூரையின் துணியும் தானாக நிற்காது. அழுத்தினால் மடங்கும், வளைத்தால் துவளும். நாலாபுறமும் இழுத்துப் பிடித்திருக்கும்வரைதான் அது கூரை. பிடி தளர்ந்தால் கொடியில் காயும் வேட்டிக்கும் அதற்கும் வேறுபாடில்லை.

இழுப்பு மட்டும் போதாது, வளைவும் வேண்டும். நல்ல கூரை எதையாவது கவனித்துப் பாருங்கள். ஒரு திசையில் அது தொட்டிலைப் போலத் தொங்கும். அதற்குக் குறுக்குத் திசையில் வில்லைப் போல மேலே புடைக்கும். தொங்கும் திசை மழையின் எடையைத் தாங்குகிறது. புடைத்த திசை, காற்று கூரையைத் தூக்கும்போது பிடித்து நிறுத்துகிறது. இந்த இரண்டில் எது தளர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் கீழே வரும் எல்லாச் சோதனைகளின் உட்பொருள்.

இங்கே சொல்பவை பாலியெஸ்டர் நெசவின் மேல் பிவிசி பூசிய துணிக்குப் பொருந்தும். நம் ஊர்ச் சிறு கூரைகள் பெரும்பாலும் அந்த வகைதான். வண்டி நிறுத்தத்துக்கு மேல் கட்டும் பச்சை நிழல்வலை வேறு சாதி. அது தண்ணீரைக் கீழே விட்டுவிடும், அதன் கோளாறுகளும் வேறு.

கை வைப்பதற்கு முன்

காலை எட்டு மணிக்குள் பாருங்கள். நண்பகல் வெயிலில் இரும்பு நீளும், பிவிசி பூச்சு இளகும்; அப்போது எந்தக் கூரையும் சற்றுத் தளர்வாகவே தெரியும். பறையைத் தீயில் காட்டினால் முறுகும். இந்தத் துணி அதற்கு நேர்மாறு. வெயிலில் தளர்ந்ததைப் பார்த்துப் பதறி முறுக்கினால், விடியற்காலைக் குளிரில் அதே இறுக்கம் மூலைகளின் மேல் விழும்.

தூக்குக் குண்டு, அளவுநாடா, ஒரு டப்பா பெயின்ட், நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் (மூலையில் இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் முறுக்கும் இருபக்கத் திருகு) இப்போது இருக்கும் நிலையைப் பெயின்டால் கோடிட்டு, வெளியே தெரியும் மரையின் நீளத்தை எழுதி வையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் முறுக்கத் தொடங்கினால், பத்து நிமிடத்துக்குப் பிறகு எங்கிருந்து தொடங்கினோம் என்பது யாருக்கும் தெரியாது. பிறகு துணியைக் கையெட்டும் நாலைந்து இடங்களில் விரலால் சுண்டிக் கேளுங்கள். மிருதங்கம் பழகியவர் வலந்தலையைச் சுற்றித் தட்டி எந்தக் கண்ணில் சுருதி இறங்கியிருக்கிறது என்று கேட்பதைப் போலத்தான் இதுவும். ஒரு பக்கம் 'டம்' என்றும் மறுபக்கம் 'தொப்' என்றும் கேட்டால், தேட வேண்டிய பக்கம் எது என்று தெரிந்துவிட்டது. துல்லியமாக அளக்கத் தனிக் கருவிகள் உண்டு. ஆனால் முதல் நாள் நோய் கண்டறியக் காதும் கையும் போதும்.

அறிகுறி: மழை பெய்தால் கூரையில் தண்ணீர் குளம் கட்டுகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்றக் கோளாறுகள் கூரையை மெல்லக் கெடுக்கும். இது ஒரே இரவில் கீழே இறக்கிவிடும்.

ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. உயரம் தண்ணீர் நின்றால் 10 கிலோ. அந்த எடையில் துணி சற்றே தாழ்கிறது. தாழ்ந்த இடத்துக்கு இன்னும் தண்ணீர் வருகிறது, இன்னும் தாழ்கிறது. 3 மீட்டர் அகலத்தில் நடுவில் 20 செ.மீ. ஆழத்துக்குக் கிண்ணம் போலக் குளம் விழுந்தால் அதில் சுமார் 700 லிட்டர் நிற்கும். ஒரு சிறிய கார் அளவுக்கு எடை, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு நேர் மேலே. 2010 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மெட்ரோடோம் அரங்கின் துணிக் கூரை கிழிந்து கொட்டியதை உள்ளே இருந்த கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. அது காற்றழுத்தத்தால் நின்ற கூரை, குவிந்தது பனி, வகை வேறுதான். ஆனால் எடை தாழ்வை உண்டாக்க, தாழ்வு எடையைச் சேர்க்கும் சுழற்சி ஒன்றே.

குளம் நிற்கும்போது யாரும் கீழே நிற்கக் கூடாது. முதல் வேலை ஆட்களை வெளியேற்றுவது. பிறகு, நீண்ட கம்பின் நுனியில் பழந்துணியைப் பந்தாகச் சுற்றிக்கொண்டு, குளத்தின் வெளியோரத்தில், தண்ணீர் வடிய வேண்டிய பக்கமாக நின்று மெல்ல உயர்த்துங்கள். நடுவில் குத்தித் தூக்கினால் தண்ணீர் ஒரே பக்கமாகப் பாய்ந்து அந்த மூலையை அடிக்கும். கத்தியால் கிழித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இழுப்பில் இருக்கும் துணியில் போட்ட கீறல் நாம் போட்ட இடத்தோடு நிற்பதில்லை.

மழை விட்ட பிறகு காரணத்தைத் தேடுங்கள். மூன்று சாத்தியங்கள்.

முதலாவது, கூரை தளர்ந்திருக்கலாம். பாலியெஸ்டர் இழை தொடர்ந்த இழுப்பில் காலப்போக்கில் சற்று நீளும். பூட்டிய முதல் சில மாதங்களில் இது அதிகம். 11 மீட்டர் மூலைவிட்டத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு நீண்டாலே 11 செ.மீ. வந்துவிடும். எம் 20, அதாவது 20 மி.மீ. விட்டத் திருகுள்ள டர்ன்பக்கிளை ஒரு முழுச் சுற்று முறுக்கினால் இரு பக்க மரையும் சேர்ந்து 5 மி.மீ. மட்டுமே உள்ளே வரும். 11 செ.மீ.யை மீட்க 22 சுற்று வேண்டும். அதனால்தான் பூட்டும்போதே மரையில் மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பூட்டிய அன்றே மரை முழுவதையும் தீர்த்துவிட்டுப் போகிறவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருக்கக் கூடாது. பழைய கூரையில் மிச்சம் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம்: எதிரெதிர் மூலைகளில் அரை அரைச் சுற்றாக இறுக்கி, மறுநாள் காலை மீண்டும் பார்த்து, தேவையானால் மீண்டும் அரைச் சுற்று.

இரண்டாவது, ஒரு கம்பம் உள்ளே சாய்ந்திருக்கலாம். அதைத் தனியே கீழே எழுதியிருக்கிறேன்.

மூன்றாவதுதான் மனத்தை வருத்துவது: வடிவமே தட்டையாக இருக்கலாம். நான்கு மூலைக் கூரையில் இரண்டு மூலை உயர்ந்தும் இரண்டு தாழ்ந்தும் இருக்க வேண்டும். 8 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் உயர வேறுபாடு 2 மீட்டர் என்றால் ஓரத்தின் சரிவு சுமார் 14 பாகை. தண்ணீர் நிற்காமல் ஓடும். அரை மீட்டர்தான் என்றால் 4 பாகைகூட இல்லை. கம்பத்தில் ஒன்றரை மீட்டர் இரும்பை மிச்சம் பிடிப்பதற்காக இப்படிச் செய்துவிடுகிறார்கள். எவ்வளவு முறுக்கினாலும் தட்டைக் கூரை குளம் கட்டத்தான் செய்யும். உயர மூலைகளின் கம்பத்தை நீட்டுவது அல்லது தாழ்ந்த மூலைகளை இறக்கிக் கட்டுவது, இரண்டில் ஒன்றைப் பொறியாளரிடம் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். துணியின் வெட்டும் மாறும். செலவுதான், தவிர்க்க வழியில்லை.

அறிகுறி: சுருக்கம்

சுருக்கம் அழகுக் குறை மட்டுமல்ல, எழுத்து. படிக்கத் தெரிந்தால் கூரை தன் நோயைத் தானே சொல்லிவிடும். விதி ஒன்றுதான்: சுருக்கக் கோடு ஓடும் திசையில் இழுப்பு இருக்கிறது, அதற்குக் குறுக்குத் திசையில் இழுப்பு இல்லை. ஒரு துண்டை இரு கைகளால் இழுத்துப் பாருங்கள், கையிலிருந்து கைக்குக் கோடுகள் ஓடும். குறுக்கே இன்னொருவர் பிடித்து இழுத்தால் அவை மறையும்.

சோப்புப் படலத்தில் சுருக்கம் விழுவதே இல்லை. எல்லாத் திசையிலும் ஒரே இழுப்பு உள்ளதால், கம்பிச் சட்டத்துக்கு நடுவில் அது தானாகவே சரியான வளைவைத் தேடிக்கொள்ளும். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ இந்தச் சோப்புப் படலங்களை வைத்தே கூரை வடிவங்களைத் தேடினார். 1967 மாண்ட்ரியல் கண்காட்சியின் ஜெர்மன் அரங்கும், 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கேபிள் வலைக் கூரையும் அந்தத் தேடலின் வழியில் வந்தவை. இன்று அதைக் கணினி செய்கிறது. உங்கள் பள்ளிக் கூரையின் சுருக்கம், அந்தச் சோப்புப் படல நிலையிலிருந்து எந்தத் திசையில் விலகியிருக்கிறோம் என்பதைக் காட்டுகிறது.

கடலோர ஊர் ஒன்றில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கத்தி முனை போல மூன்று முகடுகள் ஓடின. காவலாளி பெரியவர் ஸ்பானரோடு வந்து நின்றார்.

"சார், மாதம் ஒருமுறை முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். சுருக்கம் போகவே மாட்டேன் என்கிறது."

"எந்த மூலையை ஐயா முறுக்கினீர்கள்?"

"இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் என் ஏணிக்கு எட்டாது."

அந்த மூலையின் டர்ன்பக்கிளில் மரை முழுவதும் உள்ளே போயிருந்தது. மற்ற மூன்றிலும் ஒரு சாண் நீளம் வெளியே பளபளத்தது. தூக்குக் குண்டைக் கட்டிப் பார்த்ததில் 3 மீட்டர் உயரத்துக்கு அந்தக் கம்பம் 6 செ.மீ. உள்ளே சாய்ந்திருந்தது. அவர் ஒவ்வொரு மாதமும் மூலைவிட்டத் திசையில் இழுப்பைக் கூட்டினார், குறுக்குத் திசை அப்படியே கிடந்தது, சுருக்கம் ஆழமாயிற்று, அதைப் பார்த்து மறுபடி முறுக்கினார். நல்ல மனத்தோடு செய்த வேலை. நாங்கள் அந்த மூலையைத் தளர்த்தினோம், உயரமான ஏணி வரவழைத்து மற்ற மூன்றையும் இரண்டு நாட்களில் அரைச் சுற்றுகளாக இறுக்கினோம். முகடுகள் இரண்டாம் நாள் காலை மறைந்தன. கம்பத்தின் அஸ்திவாரம் தனி வேலையாக நின்றது.

மற்றச் சுருக்கங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓரத்துக்கு இணையாக அலை அலையாக விழுந்தால், ஓரக் கேபிள், அதாவது துணியின் விளிம்பில் ஓடும் எஃகுக் கயிறு, தளர்ந்திருக்கிறது. அதன் முனையை இறுக்குங்கள். மூலையில் துணி தகட்டைவிட்டு விலகி, சற்றுத் தள்ளி மடிப்பாகக் குவிந்தால், அது கேபிளின் மேல் வழுக்கிப் போயிருக்கிறது. மூலையில் அதைப் பிடித்திருக்க வேண்டிய நாடாப்பட்டை அறுந்ததா, அல்லது பூட்டவே இல்லையா என்று பாருங்கள். துணிப் பட்டைகளைச் சூட்டால் ஒட்டிச் சேர்த்த வெல்டிங் கோட்டை ஒட்டியே, அதன் முழு நீளத்துக்கும் சிறு சுருக்கங்கள் வந்தால் குறை வெட்டில் இருக்கிறது. துணியை எப்போதும் இறுதி அளவைவிடச் சற்றுக் குறைத்துத்தான் வெட்டுவார்கள், இழுக்கும்போது நீளும் என்பதால். பாவு நூல் நேராக ஓடுவதால் குறைவாக நீளும். ஊடை நூல் நெசவில் வளைந்து வளைந்து போவதால் அதிகம் நீளும். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் துணியைச் சோதித்துப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே கணக்குப் போட்டு வெட்டிவிட்டால், அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் வெவ்வேறு நீளத்தில் வந்து சேரும். அந்தச் சுருக்கம் எந்த ஸ்பானருக்கும் போகாது. தயாரித்தவர்தான் பொறுப்பு.

கூம்பு வடிவக் கூரையில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. நடுக் கம்பத்தைச் சுற்றி வளையம் வளையமாகச் சுருக்கம் இருந்தால், மேலிருந்து கீழாக இழுப்பு போதவில்லை. நடு வளையத்தை உயர்த்தலாம். ஆனால் குடைக் கம்பிகள் போல மேலிருந்து கீழே கோடுகள் ஓடினால், வளையத் திசையில்தான் இழுப்பு இல்லை. அப்போது கம்பத்தை உயர்த்தினால் நிலைமை மோசமாகும். வெளியோரத்தைத்தான் இழுக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் தவறுகிறார்கள், ஏனென்றால் ஜாக்கி வைத்துக் கம்பத்தைத் தூக்குவது எளிது. 1981இல் திறக்கப்பட்ட ஜெத்தா ஹஜ் முனையத்தில், ஒவ்வொன்றும் சுமார் 45 மீட்டர் சதுரமான 210 கூம்புகள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கூம்புகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. நம் ஒற்றைக் கூம்புக்கு அப்படித் துணை கிடையாது; ஓரக் கேபிளும் மூலைக் கம்பமும்தான் அதைச் செய்ய வேண்டும்.

அறிகுறி: காற்றில் படபடக்கிறது

சாதாரணக் கடற்காற்றுக்கே துணி அடித்துக்கொண்டால் அலட்சியம் செய்யாதீர்கள். ஒவ்வோர் அடியும், துணியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் தகட்டின் ஓரத்தில் துணியை ஒருமுறை மடக்கி நிமிர்த்துகிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதைப் போல, அங்கே பூச்சு முதலில் வெடிக்கும், பிறகு நூல் அறும்.

காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன தளர்வு. இவ்வகைத் துணிக்கு ஒரு மீட்டர் அகலத்துக்கு 1 முதல் 3 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 100 முதல் 300 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு எப்போதும் இருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், இவற்றில் மெல்லிய ரகமே மீட்டருக்குச் சுமார் 6 டன் இழுப்புக்குத்தான் அறும்.

தளர்வு இல்லாமலும் ஓரம் மட்டும் படபடத்தால் ஓரக் கேபிளின் வளைவைப் பாருங்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு. கேபிளில் வரும் இழுப்பு, துணியின் இழுப்பை வளைவின் ஆரத்தால் பெருக்கினால் கிடைக்கும். 8 மீட்டர் நீள ஓரம், நடுவில் 80 செ.மீ. உள்வளைவு என்றால் ஆரம் சுமார் 10.4 மீட்டர்; துணியில் மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் இருந்தால் கேபிளில் ஏறக்குறைய 21 கிலோநியூட்டன், இரண்டு டன் எடை. நிழல் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று உள்வளைவை 40 செ.மீ. ஆக்கினால் ஆரம் 20 மீட்டருக்கு மேல் போகிறது. அதே துணிக்குக் கேபிளில் நான்கு டன் வேண்டும். அந்த நான்கு டன்னைக் கம்பமும் அஸ்திவாரமும் தாங்காதபோது கேபிளைத் தளர்வாகவே விட்டுவிடுகிறார்கள். ஓரம் படபடக்கிறது. ஓரம் எவ்வளவு நேராகத் தெரிகிறதோ அவ்வளவு ஆபத்து என்று நினைவில் வையுங்கள்.

துணி அடிக்காமல் கேபிள் மட்டும் காற்றில் ரீங்கரித்தால் அவசரம் இல்லை. பிடிப்பு ஆணிகள் கழன்றிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: கிளாம்ப் ஓரத்திலோ மூலையிலோ கிழிசல்

கிளாம்ப் தகடு துணியைப் பிடிப்பது போல்ட்டால் அல்ல. துணியின் ஓரத்தில் மடித்து வெல்டிங் செய்த ஒரு கயிறு இருக்கும். அது தகட்டுக்குப் பின்னால் முட்டி நிற்பதால்தான் துணி வெளியே வராமல் இருக்கிறது. அந்தக் கயிறு வழுக்கி முன்னே வந்துவிட்டால் துணி போல்ட்டில் தொங்கும். துளை முதலில் நீள்வட்டமாகும், பிறகு அடுத்த துளையோடு சேரும். ஜாக்கெட்டில் கொக்கி பிய்த்துக்கொண்டு வருவது போல வரிசையாகப் போகும். ஆகவே துளை நீண்டிருப்பதைக் கண்டாலே இழுப்பைத் தளர்த்திக் கழற்றிப் பூட்ட வேண்டும். போல்ட்டை இறுக்குவது தீர்வல்ல. தகட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலைக் கீறினால் துணியையும் கீறும். அரத்தால் மழித்து உருட்டுங்கள்.

ஒட்டுப் போடுவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கூரை இழுப்பில் இருக்கும்போதே மேலே ஏறி ஒட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த ஒட்டு அப்போது எந்த இழுப்பையும் வாங்காது. ஏற்கெனவே நீண்ட துணியின் மேல் அது சும்மா உட்கார்ந்திருக்கும். கிழிசலைச் சுற்றியுள்ள நூல்கள் பழைய சுமையை முழுதாகச் சுமந்துகொண்டே இருக்கும். முதலில் தளர்த்துங்கள். அதே ரகத் துணியில் மூலைகளை உருட்டி வெட்டி, கிழிசலைத் தாண்டி நாலாபுறமும் 5 செ.மீ. படியுமாறு வைத்து, வெப்பக் காற்றால் வெல்டிங் செய்யுங்கள். சில துணிகளின் மேல் அழுக்குப் பிடிக்காத மெல்லிய மேற்பூச்சு இருக்கும். அதை ஒட்டும் அளவுக்கு மட்டும் தேய்த்து எடுக்காவிட்டால் ஒட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பசையும் ஒட்டு நாடாவும் தீபாவளி ராக்கெட் போட்ட பொத்தலுக்குத் தற்காலிகமாகச் சரி. ஒரு சாண் கிழிசலுக்குச் சரியல்ல.

அறிகுறி: வெல்டிங் கோடு பிரிகிறது

நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். பூச்சு நூலைவிட்டு உரிந்து வந்தால் வெல்டிங் நன்றாகவே நடந்திருக்கிறது, சுமைதான் அதிகம். இரண்டு பூச்சுகளும் முகம் பார்க்கும் கண்ணாடி போல வழவழப்பாகப் பிரிந்தால் சூடோ அழுத்தமோ போதவில்லை, அல்லது மேற்பூச்சைத் தேய்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வகையானால் ஓரிடத்தோடு நிற்காது. அதே இயந்திரத்தில் அன்று ஒட்டிய எல்லாக் கோடுகளையும் சந்தேகப்பட வேண்டும். சித்திரை வெயிலில் கோடு திறந்து மார்கழியில் மூடிக்கொண்டது போல் தெரிந்தாலும் நம்பாதீர்கள். சூட்டில்தான் வெல்டிங்கின் பலம் குறையும். சோதனைக்கூடங்களில் 70 பாகை செல்சியஸில் இழுத்துப் பார்ப்பதும் அதற்காகவே. இங்கே நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். கூரையை இறக்கித் தொழிற்கூடத்துக்கு அனுப்புங்கள்.

வெட்டிய விளிம்பிலிருந்து சாம்பல் நிறக் கோடு உள்ளே பரவினால் அது வேறு. நூல் வழியே தண்ணீர் ஏறுகிறது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல. விளிம்பைக் காயவைத்து, திரவ பிவிசியால் பூசி அடைக்க வேண்டும்.

அறிகுறி: கம்பம் சாய்கிறது, இறுக்கியது நிற்கவில்லை

முறுக்கிய இறுக்கம் ஒரு வாரத்தில் காணாமல் போனால் டர்ன்பக்கிளைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். அடித்தகட்டைச் சுற்றிக் காங்கிரீட்டில் மயிரிழை விரிசல், ஒரு பக்கம் மண் பிளவு, மறுபக்கம் மண் புடைப்பு: இவை மூன்றும் அஸ்திவாரம் நகர்வதன் சாட்சிகள்.

சாதாரணக் கட்டடத்தில் அஸ்திவாரம் எடையைத் தாங்கினால் போதும். டென்சைல் கூரையில் அது எடையாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் காற்று இதைப் பிடுங்கப் பார்க்கிறது. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் என்ற அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகிறது. மதுரைக்கும் கோவைக்கும் 39. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். சென்னையில் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. 64 சதுர மீட்டர் கூரைக்கு, வடிவத்துக்கான குணகத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், தூக்கும் விசை 9 டன்னுக்கு மேல். நான்கு கம்பத்துக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் ஒரு கன மீட்டர் காங்கிரீட்டின் எடைக்குச் சமம். பக்கவாட்டு இழுப்பு இதற்கு மேல் தனி. இது வடிவமைப்புக் கணக்கல்ல, அளவு புரிவதற்கான கணக்கு. ஆனாலும், வேலிக்கால் நடுவது போல ஓரடிக் குழியில் நட்ட கம்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. சாய்ந்த கம்பத்தைக் கண்டால் கூரையின் இழுப்பை முழுதும் இறக்கிவிட்டு, கட்டுமானப் பொறியாளரை அழையுங்கள்.

அறிகுறி: துருக் கறை, கறுப்புப் புள்ளி

பழுப்புக் கறை ஒரு பொருத்திலிருந்து வழிந்தால் அந்தப் பொருத்து அரிக்கிறது. கடலோரத்தில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகும் கறை பிடிக்கும், 316 வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பையும் துருப்பிடிக்காத எஃகையும் நேரடியாகச் சேர்த்துப் பூட்டியிருந்தால், உப்புக் காற்றில் துத்தநாகம் முதலில் கரையும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிளைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். வெளியே பச்சைப் பிள்ளை போல வழவழப்பாக இருக்கும், உள்ளே தண்ணீர் இறங்கிக் கீழ் முனையில் தேங்கியிருக்கும். கீழ் முனையில் உறை புடைத்திருந்தால் கேபிளை மாற்றுங்கள். உறையில்லாத கேபிளைப் பழந்துணியால் உருவிப் பாருங்கள். துணி சிக்கும் இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது.

துணியில் பரவலாக ஊசிமுனைப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது கூரையின் நோயல்ல. அருகில் யாரோ இரும்பை கிரைண்டரில் அறுத்திருக்கிறார்கள். பறந்த துகள்கள் ஒட்டித் துருவேறியிருக்கின்றன. கறுப்புத் திட்டு பூஞ்சையும் தூசியும். மென்மையான தூரிகை, மிதமான சோப்புத் தண்ணீர், நிறைய நல்ல தண்ணீர் போதும். பெட்ரோல், தின்னர், பிளீச்சிங் பவுடர், உயரழுத்தத் தண்ணீர் இவை நான்கும் வேண்டாம்.

பெரிய அரங்குகளின் கூரை வேறு ரகம். சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய புதிய கேலரிகளின் மேல் இருப்பது டெஃப்லான் பூச்சு வகை; இந்த வகையில் கண்ணாடி இழையை நெய்து டெஃப்லான் பூசுவார்கள். அதில் அழுக்கு ஒட்டுவது குறைவு, ஆயுளும் அதிகம். ஆனால் மடித்தால் இழை ஒடிந்துவிடும். பிவிசி துணியைக் கையாண்ட பழக்கத்தில் அதைக் கையாளக் கூடாது.

புயல் எச்சரிக்கை வந்தால்

கொஞ்சம் தளர்த்தி வைத்தால் காற்று போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இதைவிடக் கெடுதலான யோசனை இல்லை. தளர்ந்த துணி அடித்துக்கொள்ளும். ஒவ்வோர் அடியிலும் மூலைக்குச் சுண்டி இழுக்கும் விசை போகும். இரண்டே வழிகள்: முழு இறுக்கத்தில் விடுங்கள், அல்லது முழுவதும் இறக்கிச் சுருட்டி உள்ளே வையுங்கள். கம்பம் சாய்ந்தது, துளை நீண்டது, கேபிளில் கம்பி அறுந்தது என்று ஏற்கெனவே தெரிந்த கூரையானால் இரண்டாவது வழிதான், அதுவும் காற்று தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே.

புயல் ஓய்ந்த பிறகு பார்க்கும் வரிசை கீழிருந்து மேல்: அஸ்திவாரத்தின் மண், அடித்தகட்டு நட்டுகள், கம்பத்தின் நேர், டர்ன்பக்கிளில் நீங்கள் போட்ட பெயின்ட் கோடு, மூலைத் தகடு, கடைசியாகத் துணி. பெயின்ட் கோடு விலகியிருந்தால் டர்ன்பக்கிள் தானே சுழன்றிருக்கிறது. பழைய கோட்டுக்குக் கொண்டுவந்து, இம்முறை பூட்டு நட்டையும் இறுக்கிக் கம்பியால் கட்டுங்கள். துணியின் மேல் விழுந்த வேப்பங்கிளையைக் கீழிருந்து இழுக்காதீர்கள். ஏணி வைத்து ஏறி, கிளையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றாகத் தூக்கி எடுங்கள்.